செல்போன் திரையில் இருப்பதும் கேன்சர் சிகிச்சைக்கு வைப்பதும் ஒரே இரிடியமா?

சரி, அடுத்த கேள்வி. போன வீடியோவில் செல்போனின் ஓஎல்இடி திரைக்குள் (கரிமச் சேர்மங்களே மின்சாரத்தில் ஒளி விடும் திரை) இரிடியம் என்ற உலோகம் இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “என் அத்தைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உள்கதிர் சிகிச்சை கொடுத்தபோது இரிடியம் என்றுதான் சொன்னார்கள். அதையா நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறோம்? அப்புறம், ஒளி விடும் இரிடியத்தை உடம்புக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள் என்று எங்கோ படித்தேன், அது என்ன?”

முதல் பயத்தை உடனே தீர்த்துவிடலாம். ஆஸ்பத்திரியில் வைப்பது இரிடியம் 192. அணு உலையில் இரிடியம் 191 மேல் நியூட்ரானை மோதவிட்டுத் தயாரிப்பது அது, காமா கதிர் வீசும், 74 நாளில் பாதியாகிவிடும், அதனால்தான் ஆஸ்பத்திரிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுக் கதிர் மூலத்தை வாங்கி மாற்றுகிறார்கள். மண்ணில் இயற்கையாகக் கிடைக்கும் இரிடியத்தில் 191, 193 என்று இரண்டு ஐசோடோப்புகள்தான் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள்), இரண்டுமே நிலையானவை, கதிரியக்கமே கிடையாது. உங்கள் போனில் இருப்பது இந்த இயற்கை இரிடியம். அதுவும் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? தோராயமாகக் கணக்குப் போடுவோம். திரை 15 செ.மீ.க்கு 7 செ.மீ., அதாவது 100 சதுர செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. ஒளி விடும் படலத்தின் தடிமன் 30 நானோமீட்டர் என்று வைத்தால், திரை முழுக்கப் பூசினாலும் மொத்த எடை 0.3 மில்லிகிராம் சொச்சம். அதில் இரிடியம் சேர்மம் 10 சதவீதம், சேர்மத்திலும் உலோகத்தின் பங்கு 29 சதவீதம்தான். கடைசியில் 10 மைக்ரோகிராம் அளவில் வந்து நிற்கிறது. அதுவும் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தது.

அவ்வளவு துளியூண்டு இரிடியத்தை எதற்குப் போட வேண்டும் என்பதுதான் சுவாரசியமான விஷயம். ஓஎல்இடியில் ஒரு பக்கமிருந்து எலக்ட்ரான், மறுபக்கமிருந்து துளை (எலக்ட்ரான் இல்லாத காலி இடம், நேர்மின்சுமை போல நகரும்), இரண்டும் நடுவில் சந்தித்து ஒரு மூலக்கூறைக் கிளர்ச்சி நிலைக்குத் தள்ளுகின்றன. சந்திக்கும்போது அவற்றின் ஸ்பின் (தற்சுழற்சி மாதிரியான ஒரு குவாண்டம் பண்பு) எப்படிச் சேரும் என்பதற்கு நாலு வழி இருக்கிறது. அதில் ஒரு வழிக்கு சிங்லெட் என்று பெயர், மற்ற மூன்றுக்கும் ட்ரிப்ளெட். சாதாரண கரிமச் சாயத்தில் சிங்லெட் மட்டும்தான் ஒளியாக வெளியே வரும். ட்ரிப்ளெட்டிலிருந்து கீழே இறங்குவதற்குக் குவாண்டம் விதி அனுமதிப்பதில்லை, அந்த ஆற்றல் சூடாகப் போய்விடும். நாலு பேர் டிக்கெட் எடுத்து ஒருத்தர் மட்டும் பஸ் ஏறின கதை. மின்சாரத்தில் முக்கால்வாசி வீண்.

இங்கேதான் கனமான அணு வேண்டியிருக்கிறது. இரிடியத்தின் அணு எண் 77. அவ்வளவு கனமான உட்கருவைச் சுற்றும் எலக்ட்ரானில் ஸ்பின்னும் சுற்றுப்பாதை இயக்கமும் ஒன்றோடொன்று பலமாகப் பிணைந்துவிடுவதால் அந்தத் தடை தளர்ந்துபோகிறது, ட்ரிப்ளெட்டும் ஒளியாக இறங்குகிறது. 12ஆம் வகுப்பில் அணைவு வேதியியல் படித்தவர்களுக்கு ஈனி என்றால் தெரிந்திருக்கும், உலோக அணுவைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுதான் அது. நடுவில் இரிடியம், சுற்றி மூன்று ஃபினைல்பிரிடின் ஈனிகள், இதுதான் இந்தத் துறையின் பிரபலமான பச்சை ஒளி மூலக்கூறு. 1999இல் அமெரிக்காவின் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் குழு இதை ஓஎல்இடிக்குள் வைத்துப் பார்த்தபோது, உள்ளே போன ஒவ்வொரு 100 எலக்ட்ரானுக்கும் 8 ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வெளியே வந்தது. எட்டுதானா என்று தோன்றும், ஆனால் உண்டாகும் ஒளியில் பெரும்பகுதி படலத்துக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் சிக்கி வெளியே வராமலே போகும், அதனால் பழைய சாயங்களுக்கு 5 தான் உச்சவரம்பு என்று அப்போது கணக்கு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டியது பெரிய விஷயம். 2001 வாக்கில் உள்ளே உருவாகும் கிளர்ச்சிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒளியாக மாறும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

நிறத்தை மாற்றுவதற்கு உலோகத்தைத் தொட வேண்டியதில்லை, ஈனியை மாற்றினால் போதும். பிரிடினுக்குப் பதில் இன்னும் அகலமான ஐசோகுயினோலின் போட்டால் சிவப்பு, ஃபினைல் வளையத்தில் ஃபுளோரின் ஒட்டினால் நீலத்தை நோக்கி நகரும்.

நீலம் என்று சொன்னதும் ஒரு வில்லங்கத்தையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களாக நம் போன்களில் சிவப்பும் பச்சையும் இரிடியம் மாதிரியான சேர்மங்களால் வருகின்றன, நீலம் மட்டும் இன்னும் பழைய வகைச் சாயம்தான். காரணம் ஆற்றல். நீல ஃபோட்டானுக்கு 2.7 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வேண்டும், ட்ரிப்ளெட் ஒளி விட மைக்ரோசெகண்ட் அளவில் நேரம் எடுத்துக்கொள்ளும், அது காத்திருக்கும் அந்த இடைவெளியில் இன்னொரு கிளர்ச்சியோ மின்சுமையோ வந்து மோதினால் இரண்டு ஆற்றலும் ஓரிடத்தில் சேர்ந்து மூலக்கூறின் பிணைப்பையே உடைத்துவிடும். சிவப்பில் அதே மோதல் நடந்தாலும் உடைக்கிற அளவுக்கு ஆற்றல் சேராது. 2025இல் எல்ஜி டிஸ்பிளே நிறுவனம், ஒரு அடுக்கில் பழைய நீலமும் இன்னொரு அடுக்கில் ட்ரிப்ளெட் நீலமும் வைத்துத் தயாரிப்புக்கு ஏற்ற தரத்தை எட்டிவிட்டதாக அறிவித்தது. பாதி நீலம் இன்னும் பழையது என்பதைக் கவனியுங்கள். முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று விளம்பரம் யாராவது போட்டால் நான் நம்ப மாட்டேன்.

இப்போது உடம்புக்கு வருவோம். திரையில் தலைவலியாக இருக்கும் அந்த மைக்ரோசெகண்ட் காத்திருப்புதான் உயிரியலில் வேலைக்கு உதவுகிறது. சாதாரணச் சாயம் சில நானோசெகண்டில் ஒளிர்ந்து முடித்துவிடும். இரிடியம் சேர்மம் அதைவிடச் சில நூறு மடங்கு, சிலது ஆயிரம் மடங்கு நேரம் கிளர்ச்சியிலேயே இருக்கும். அந்த நேரத்துக்குள் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வந்தால் ஆற்றலை அது பறித்துக்கொண்டு போய்விடும், ஒளி அணைந்துவிடும். ஆக்சிஜனும் இயல்பிலேயே ட்ரிப்ளெட் என்பதால் இந்தப் பரிமாற்றத்துக்கு எந்தத் தடையும் கிடையாது. ஆய்வகத்தில் இந்தச் சேர்மங்களின் கரைசலை அளக்கும்போது நைட்ரஜனோ ஆர்கானோ குமிழ விட்டு ஆக்சிஜனை விரட்டிவிட்டுத்தான் அளப்பார்கள், சும்மா காற்றுப்பட வைத்தால் பளிச்சென்று எரிவது மங்கிப்போய்விடும்.

அப்படியென்றால் ஒளி மங்குவதை வைத்தே ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? இதைத்தான் ஜப்பானில் குன்மா பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தார்கள். புற்றுக்கட்டி வேகமாக வளரும், ரத்தக்குழாய் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது, அதனால் கட்டிக்குள் ஆக்சிஜன் பற்றாக்குறை வரும். 2010இல் அவர்கள் கட்டி உள்ள எலிகளுக்கு ஒரு இரிடியம் சேர்மத்தைச் செலுத்தியபோது, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஒளி அணையாது என்பதால் கட்டி இருந்த இடம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்னவென்றால் அந்த மூலக்கூறு புதிதாக உருவாக்கியதல்ல. 2001இல் சிவப்பு ஓஎல்இடிக்காக ஃபாரஸ்ட்-தாம்சன் குழு வெளியிட்ட அதே பென்சோதையனைல்பிரிடின் சேர்மம். சிவப்பாக இருப்பதும் வசதி, பச்சையை ரத்தம் விழுங்கிவிடும், சிவப்பு ஓரளவு தசையைத் தாண்டி வெளியே வரும்.

வெளிச்சத்தின் அளவை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல், ஓரிடத்தில் மருந்து அதிகம் சேர்ந்திருந்தாலும் அங்கே பிரகாசமாகத்தான் தெரியும். அதனால் பிரகாசத்தை விட்டுவிட்டு, எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று அளப்பார்கள். அது மருந்தின் அளவைப் பொறுத்ததல்ல, ஆக்சிஜனைப் பொறுத்தது. கூடவே இன்னொரு லாபம்: செல்கள் தாங்களாகவே லேசாக ஒளிரும், அந்தத் தொந்தரவு சில நானோசெகண்டில் ஓய்ந்துவிடும், கேமராவைக் கொஞ்சம் தாமதமாகத் திறந்தால் இரிடியத்தின் ஒளி மட்டும் கிடைக்கும்.

ஆற்றலைப் பறித்த ஆக்சிஜன் என்ன ஆகும்? சிங்லெட் ஆக்சிஜனாக மாறி, கையில் கிடைத்த புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் தாக்கும். படம் எடுக்கப் போன இடத்தில் இது கெடுதல், புற்றுச் செல்லைக் கொல்லப் போன இடத்தில் இதுவே ஆயுதம். ஆனால் ஆக்சிஜன் குறைந்த கட்டியில் இந்த ஆயுதம் சரியாக வேலை செய்யாது. இதற்கு மாற்றாக 2019இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சாட்லர் குழுவும் சீன ஆய்வாளர்களும் ஒரு இரிடியம் சேர்மத்தைக் காட்டினார்கள், ஒளி பட்டதும் அது செல்லின் ஆற்றல் உற்பத்திக்கு எலக்ட்ரானைச் சுமந்து கொடுக்கும் என்ஏடிஎச் மூலக்கூறை ஆக்சிஜனேற்றம் செய்து ஆற்றல் உற்பத்தியையே குலைத்துவிடுகிறது, ஆக்சிஜன் குறைவாக இருந்தாலும் நடக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று தயவுசெய்து கமெண்டில் கேட்காதீர்கள். இது ஆய்வக அளவில் இருக்கும் விஷயம். முக்கியமான தடை ஒளியேதான்: இந்தச் சேர்மங்களில் பலவற்றைத் தூண்ட நீலம் அல்லது பச்சை ஒளி வேண்டும், அது தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூடச் சரியாகப் போகாது. அகச்சிவப்பை உறிஞ்சும்படி ஈனியை மாற்றுவது, இல்லையென்றால் இரண்டு ஃபோட்டானை ஒரே நேரத்தில் விழுங்க வைப்பது, இப்படித்தான் இப்போது முயற்சி போய்க்கொண்டிருக்கிறது.