பன்னிரண்டு ரூபாய் மிச்சம்: எங்கள் மாணவர் தலைவர்கள் மாநாடு

வணக்கம், வணக்கம். தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்பது மிக்ஸி. நான் கேமராவை நிறுத்தி வைத்த பிறகுதான் அம்மாயிக்குச் சட்னி அரைக்கத் தோன்றும், உங்களுக்குத்தான் தெரியுமே.

எழுத்துப் பிழையோடு வந்த என் மாணவர் பேரவை பேட்ச், அதாவது சட்டையில் குத்தும் பதவி வில்லை, என்ன ஆனது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ‘துணைத் தலைவி’யில் ‘த்’ விழுங்கப்பட்ட அதே பேட்சைக் குத்திக்கொண்டுதான் நேற்று மேடையில் நின்றேன். அந்தக் கதை முடிந்தது.

நேற்று எங்கள் பள்ளியில் மாணவர் தலைவர்கள் மாநாடு. 12 பள்ளிகள், பள்ளிக்கு 15 பேர், ஆக 180 பேர். நடத்தியது எங்கள் பேரவை. வரவேற்பு, வழிகாட்டி அட்டை, மைக், எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். என் தலையில் விழுந்தது தட்டுவடை செட்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காய்கறியும் வைத்த எங்கள் ஊர்ச் சிற்றுண்டி.

சிரிக்காதீர்கள். சேலத்தில் மாநாடு வைத்துவிட்டு வந்தவர்களுக்குக் கிரீம் பிஸ்கட் கொடுப்பதா? கிரீம் பிஸ்கட்டை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று தனி வீடியோவே போட்டிருக்கிறேன். சிற்றுண்டிக்கு ஒதுக்கியது 4,500 ரூபாய். கடைக்கார அண்ணன் ஒரு தட்டு 30 என்றார். மொத்தமாக எடுப்பதால் 25க்கு இறங்கினார். 180 பெருக்கல் 25, சரியாக 4,500. எவ்வளவு பெருமையாக வீட்டுக்கு வந்தேன் தெரியுமா? இரவு பல் தேய்க்கும்போது உறைத்தது: ஆசிரியர்களையும் விருந்தினர்களையும் எண்ணவே இல்லை. 24 பேர். அறுநூறு ரூபாய் துண்டு விழுகிறது.

மறுநாள் காலை திரும்பப் போனேன். ‘தட்டு எங்களுடையது, அடுக்குவதும் நாங்களே. தட்டுவடை, இரண்டு சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இவற்றைத் தனித்தனியாகக் கொடுத்தால் போதும்’ என்றேன். அண்ணன் காதைச் சொறிந்தார், வானத்தைப் பார்த்தார், 22 என்றார். 204 பெருக்கல் 22, 4,488. மிச்சம் 12 ரூபாய்! அந்தப் பன்னிரண்டு ரூபாயை ரசீதோடு தலைமை ஆசிரியர் மேசையில் வைத்தபோது எனக்கு இருந்த மிடுக்கு, பதவியேற்பு விழா அன்றுகூட இருந்ததில்லை.

பாக்குமட்டைத் தட்டுகள் எப்படி வந்தன என்று சொல்லவில்லையே. ஆண்டு விழாவில் மீந்தவை. அலமாரியில் பல்லி முட்டையோடு கிடந்தன. துடைத்துவிட்டோம்.

சரி, மாநாடு. முதலில் அறிமுகச் சுற்று: உங்கள் ஊரைப் பற்றி மற்றவர்கள் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். யோசனை என்னுடையது, தவறும் என்னுடையது. வரிசையாக மாம்பழம், எவர்சில்வர், ஜவ்வரிசி, மறுபடியும் மாம்பழம். நான், ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார் என்று சொன்னேன், ஓரளவு கைதட்டல். ஏற்காட்டிலிருந்து வந்த பையன்தான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு காபிப் பொடிப் பொட்டலத்தை எடுத்து எங்கள் தலைவியின் கையில் கொடுத்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்த பொட்டலம், அறையே மணத்தது. பதிலுக்கு நாங்கள் கொடுத்தது பிளாஸ்டிக் கேடயம். கூச்சமாக இருந்தது.

பிறகு சிறப்பு விருந்தினர். பத்து நிமிடம் கேட்டிருந்தோம், ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். ‘நாளைய தலைவர்களே’ என்று பதினேழு முறை சொன்னார், விரல் விட்டு எண்ணினேன். இன்று எங்களுக்குக் கொடுத்திருந்த ஒரு மணி நேரக் கலந்துரையாடலைச் சாப்பிட்டுக்கொண்டே நாளையைப் பற்றிப் பேசினால் கோபம் வராதா?

இதற்கிடையில் ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன், பேச்சு முடியப்போகிறது என்று நம்பி இருபது தட்டுகளை அடுக்கிவிட்டான். தட்டுவடை செட்டுக்குச் சட்னி பட்டவுடன் வாய்க்குப் போக வேண்டும். அரை மணி நேரத்தில் பீட்ரூட் தண்ணீர் விட்டு, தட்டுவடை நனைந்த அட்டைபோல் வளைந்துவிட்டது. அந்த இருபது தட்டுகளும் முன்வரிசைக்குப் போயின. யார் அனுப்பியது என்று கேட்காதீர்கள்.

கலந்துரையாடலுக்கு மிஞ்சியது பதினைந்து நிமிடம். அதில் ஒரு நிமிடம்தான் நேற்றைய நாளிலேயே உருப்படியானது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது பற்றிப் பேச்சு வந்தது. எல்லாப் பள்ளியிலும் இதே கதை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அரசுப் பள்ளியிலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தாள். அவள் முல்லைக் குழுத் தலைவி. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு, மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் ‘மகிழ் முற்றம்’ திட்டம் வந்ததே, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று. எங்களுக்கு இன்னும் சிவப்பு, நீலம்தான். பொறாமை.

அந்த நோட்டில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு நான்கு கட்டங்கள்: தேதி, பாடவேளை, கடன் வாங்கிய பாடம், திருப்பிக் கொடுத்த தேதி. ஒரு மாதம் எழுதியிருக்கிறாள். முதல் மூன்று கட்டங்களும் நிரம்பி வழிகின்றன. நான்காவது கட்டம் மேலிருந்து கீழ்வரை வெள்ளை. ஒரு புகார்ச் சொல்கூட எழுதாமல் அதைத் தலைமை ஆசிரியரிடம் விரித்துக் காட்டியிருக்கிறாள். இப்போது வாரத்தில் ஒரு பாடவேளை நிச்சயமாக மைதானத்தில்தானாம்.

நான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன், அவள் அனுமதியோடுதான். இன்று மாலை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். விலை சொல்ல மாட்டேன், சொன்னால் மறுபடியும் ஆரம்பித்துவிடுவேன்.

மிக்ஸி நின்றுவிட்டது. அந்தக் காபிப் பொடியில் இரண்டு கரண்டி கேட்டு வாங்கி வந்திருந்தேன், அம்மாயி பில்டரில் போட்டுவிட்டார் போலிருக்கிறது, மணம் வருகிறது. போய்விட்டு வருகிறேன்.