நீலக்குறிஞ்சி: பூக்காத ஆண்டுகளில் செய்ய வேண்டிய வேலை

[காட்சி: புல்வெளிச் சரிவு, பூவில்லாத பச்சைப் புதர்கள்]

முழங்கால் உயரத்தில் நிற்கும் இந்தப் புதர்கள் எல்லாமே நீலக்குறிஞ்சி. மூணாறு, கொடைக்கானல் பக்கம் 12 ஆண்டுக்கு ஒரு முறை, 1994, 2006, 2018-ல் பெருவாரியாகப் பூத்தது. அடுத்தது 2030. பூக்கும் ஆண்டில் காவலும் கட்டுப்பாடும் தானாக வந்துவிடும். பூ இல்லாத ஆண்டுகளில் இதை வெறும் புதர் என்று நினைத்து விடுகிறார்கள். அழிவு அப்போதுதான் நடக்கிறது.

[காட்சி: பூங்கொத்தில் தேனீ, பிறகு காய்ந்த காய்கள்]

ஒரு செடி ஆயுளில் ஒரே முறை பூக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூத்து, காய் முற்றி, வெடித்து விதை சிதறியதும் பட்டுப்போகும். ஒரு காயில் அதிகபட்சம் நான்கு விதைகள். சரிவு முழுக்க ஒன்றாகப் பூப்பதால்தான் தேனீக்கள் திரண்டு வருகின்றன. பூச்சியும் பறவையும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதையும் விழுகிறது. பூக்கும் ஆண்டு மலைக்கு மலை வேறுபடலாம். ஆகவே ஒரு மலையின் விதையை வேறு மலையில் தூவாதீர்கள். கணக்குத் தப்பி, தனியாகப் பூக்கும் செடிக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது.

[காட்சி: சீகைத் தோப்பு, அடியில் வெற்றுத் தரை]

குறிஞ்சியின் எதிரி சீகை மரம் (வாட்டில்; சீகைக்காய்க் கொடி அல்ல). தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது, புல்வெளிக்குள் பரவிவிட்டது. நிழல் அடர்ந்த இடத்தில் புல்லும் இல்லை, குறிஞ்சியும் இல்லை. வெட்டிவிட்டுப் போனால் போதாது: அடிக்கட்டை துளிர்க்கும், மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் விதைகள் வெயில் பட்டதும் முளைக்கும். தீ வைத்தால் இன்னும் மோசம். சூட்டில் விதையின் தோல் வெடித்து, கன்றுகள் கூட்டமாகக் கிளம்பும்.

அதனால் அடர்ந்த தோப்பில் தொடங்க வேண்டாம். புல் இன்னும் மிச்சமிருக்கும் ஓரத்தில், சிறு கன்றுகளை மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிப் போக வேண்டும். ஒரு முறை வெட்டப் பணம் ஒதுக்கி, அடுத்த ஆண்டுக்கு ஒதுக்காத திட்டங்கள் பெரும்பாலும் சீகைக்கே உதவுகின்றன.

இன்னொன்று: புல்வெளியில் மரக்கன்று நடாதீர்கள். மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் சோலைக்காடு போலவே புல்வெளியும் முழுமையான ஒரு வாழிடம். எவ்வளவு நல்ல மனதோடு நட்டாலும், அந்த மரம் குறிஞ்சியின் வெயிலைத்தான் பறிக்கும்.

கேரளத்தில் வட்டவடை, கொட்டக்கொம்பூர் பகுதியில் சுமார் 3,200 ஹெக்டேரில் 2006-ல் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் நீலக்குறிஞ்சியைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாகச் சேர்த்தது. காட்டில் பறிப்பது குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

[காட்சி: தீத்தடுப்புக் கோடு வெட்டும் பணி]

2030-ல் பார்க்கப் போகிறவர்கள் பாதையை விட்டு இறங்காதீர்கள். கிளை ஒடித்தால் போவது பூ மட்டுமல்ல, 12 ஆண்டுகள் காத்திருந்த விதை. பூ முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் உண்மையான ஆபத்துக் காலம். உறைபனியில் புல் காய்ந்திருக்கும். காய் முற்றுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் தீ பிடித்தால் மறுபடி விதை தர அங்கே தாய்ச்செடி இருக்காது. எனவே தீத்தடுப்புக் கோடுகளை (தீ தாண்டாதபடி புல்லை அகற்றிய பட்டைகள்) குளிர்காலம் தொடங்கும் முன்பே வெட்டிவிட வேண்டும். தீக்காவலும் மேய்ச்சல் தடையும் 2031 மழையில் கன்றுகள் வேர்பிடிக்கும் வரை தொடர வேண்டும்.