தண்டவாளத்தில் நகர்ந்த தேவாலயம்

நேயர்களுக்கு வணக்கம். ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்ட் என்றாலே நாடாளுமன்ற மாளிகையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நிர்வாகக் கட்டடங்களில் அமெரிக்காவின் பென்டகனுக்கு அடுத்தபடி பெரியது என்று பெயர் பெற்றது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கொஞ்ச தூரத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மிஹாய் வோடா என்ற சின்னத் தேவாலயம்.

1977 மார்ச்சில் புக்கரெஸ்டைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதையே சாக்காக வைத்து, அதிபர் சௌஷெஸ்கு நகரின் நடுப்பகுதியை இடித்துவிட்டுத் தன் விருப்பப்படி கட்டக் கிளம்பினார். உரானுஸ் என்ற பழைய குடியிருப்பு தெருத்தெருவாகத் தரைமட்டமானது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. 1984-இல் அந்த இடத்தில் இந்த மாளிகையின் வேலை தொடங்கியது. உள்ளே பளிங்கும் சரவிளக்கும் வந்து குவிந்த அதே ஆண்டுகளில்தான், வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவுப்பொருள்கள் ஏற்றுமதியாயின. சொந்த மக்களோ ரொட்டிக்கு ரேஷனில் நின்றார்கள், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கோட்டோடு இருந்தார்கள்.

மிஹாய் வோடா 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மடாலயம். அதையும் இடிக்கச் சொல்லிவிட்டார்கள். அப்போது எவ்ஜெனியு யோர்டகெஸ்கு என்ற பொறியாளர், தேவாலயத்தை அப்படியே நகர்த்திவிடலாம் என்றார். சுவர்களை அஸ்திவாரத்திலிருந்து அறுத்துப் பிரித்தார்கள். அடியில் கான்கிரீட் சட்டம் கட்டித் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். நானூறு வருடப் பழைய செங்கல் கட்டடம், 1985-இல் இம்மி இம்மியாக ஏறக்குறைய 290 மீட்டர் நகர்ந்தது. மணிக்கூண்டும் கூடவே போனது. மடாலயத்தின் மற்றக் கட்டடங்கள் தப்பவில்லை. இப்படி இன்னும் பல தேவாலயங்களை அவர் காப்பாற்றினார். வக்கரெஷ்டி மடாலயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதை இடித்தே விட்டார்கள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1989 டிசம்பர் 21 அன்று ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுக் கட்டட மாடத்தில் நின்று பேசிய சௌஷெஸ்குவைக் கூட்டம் கூச்சலிட்டு நிறுத்தியது. மறுநாள் அதே கட்டடத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார். 25-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். மாளிகை அப்போதும் முடிந்திருக்கவில்லை.

அதை இடித்துவிட வேண்டும் என்று அங்கே பலர் கேட்டார்கள். நாடாளுமன்றத்துக்குக் கொடுத்ததே சரி என்பது என் கருத்து. மக்களின் வயிற்றைக் கட்டிக் கட்டியது, மக்களின் பிரதிநிதிகளுக்காவது பயன்படட்டும். ஆனால் சுற்றிக் காட்டுகிறவர்கள் பளிங்கின் எடையைச் சொல்லும்போது உரானுஸ் தெருக்களின் பெயர்களையும் சொல்ல வேண்டும். நீங்கள் போனால், மாளிகையைப் பார்த்துவிட்டு சபியென்ட்செய் தெருவுக்கு வழி கேளுங்கள். தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. வணக்கம்.