அடுத்த வரி தெரிந்த பாட்டு

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குப் பிடித்த பாட்டுகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆனால் பட்டியல் போடப்போவதில்லை. வாழ்க்கை திடீரென்று தலைகீழாகும்போது அந்தப் பாட்டுகள் நமக்கு என்ன ஆகின்றன என்பதைத்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா இறந்த செய்தி எனக்குப் போனில் வந்தது. அவருக்கு உடம்புக்கு ஒன்றுமே இல்லை, முந்தின நாள் இரவுகூட நன்றாகப் பேசினார். அப்போது என் ரிங்டோன், எனக்கு உயிராக இருந்த ஒரு பாட்டின் ஆரம்ப இசை. அதிகாலையில் என்னை எழுப்பியது அதுதான். அதற்கப்புறம் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும், பல்லவி வருவதற்குள் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இது ஏன் நடக்கிறது என்று தேடிப் படித்தேன். 2009-ல் பெட்ர் ஜனாட்டா என்ற ஆராய்ச்சியாளர், ஆட்களுக்கு அவர்களுடைய இளம்வயதுக் காலப் பாட்டுகளைப் போட்டுக்காட்டி, அந்த நேரத்தில் மூளையைப் படம் பிடித்தார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பகுதி, பாட்டு நகரும் விதத்தையும் பின்தொடர்கிறது, சொந்த நினைவு எழும்போதும் வேலை செய்கிறது. இரண்டும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் ஒரு பாட்டைக் கேட்டு யாராவது முகம் மாறினால், "வெறும் பாட்டுதானே" என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் அது வெறும் பாட்டாக இருக்காது.

சரி, அந்த ஒரு பாட்டு போய்விட்டது. ஆனால் மற்ற பழைய பாட்டுகளை அந்த நாட்களில் வெறி பிடித்த மாதிரி கேட்டேன். புதுப் பாட்டு எதுவும் உள்ளே போகவில்லை. ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்ததுதான் வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ஏன் என்று ரொம்ப நாள் புரியவில்லை.

2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தபோது ஏதோ பிடிபட்டது. கேட்பவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த, சிலிர்ப்பு தரும் இசையை வைத்துச் செய்த ஆய்வு அது. சிலிர்க்கும் கணத்தில் மூளையில் டோபமைன் என்ற, சந்தோஷத்தோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரப்பது மட்டுமில்லை, "இதோ வரப்போகிறது" என்று காத்திருக்கும்போதே வேறொரு பகுதியில் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. அதாவது, அடுத்து வரப்போவது தெரியும் என்பதே ஒரு சந்தோஷம்.

அப்பா போனபோது என்னிடமிருந்து பறிபோனது அதுதானே! காலையில் எழுந்தால் இன்றைக்கு இன்னது நடக்கும் என்ற நம்பிக்கை. அடுத்த போன் என்ன செய்தி கொண்டுவருமோ என்ற பயம் எந்நேரமும் இருந்தது. பாட்டில் மட்டும் அந்தப் பயம் இல்லை. இடையிசை முடிந்தால் சரணம் வரும், சரணம் முடிந்தால் பல்லவிக்குத் திரும்பும். நான்கைந்து நிமிடத்துக்கு எதுவும் என்னை ஏமாற்றாது.

கிளைவ் வேரிங் என்ற பிரிட்டிஷ் இசைக் கலைஞரைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1985-ல் வைரஸ் தொற்று அவருடைய மூளையைத் தாக்கியது. புதிய நினைவு எதுவும் அவரிடம் சில நொடிகளுக்கு மேல் தங்கவில்லை. ஆனால் பியானோ முன்னால் உட்கார்ந்தால் வாசித்தார். அவ்வளவு பெரிய அழிவு அதைத் தொடவில்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

அப்புறம் இன்னொன்று. நன்றாக இருந்த காலத்தில் நான் பல்லவியை மட்டும்தான் பாடிக்கொண்டு திரிந்தேன். இரண்டாவது சரணத்தில் கவிஞர் என்ன எழுதியிருக்கிறார் என்று கவனித்ததே இல்லை. துக்கத்தில்தான் அந்த வரிகள் காதில் விழுந்தன. பல பாட்டுகளில் கனமான வரி அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த பாட்டு எதையாவது எடுத்து, இரண்டாவது சரணத்தை மட்டும் உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள்.

"மனசு சரியில்லையா, பாட்டுக் கேள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். போகிற போக்கில் அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. எந்தப் பாட்டு யாருக்கு எங்கே குத்தும் என்று வெளியிலிருந்து தெரியாது. துக்கத்தில் இருப்பவர் பக்கத்தில் நீங்கள் இருந்தால், "போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அப்பாவும் பாடுவார். ஷேவ் செய்யும்போது ஒரு பழைய பாட்டு, எப்போதும் அதே இடத்தில் வரியை மாற்றிப் பாடுவார். அசல் பாட்டை இப்போது கேட்டால் அந்த இடத்தில் பாடகர் தப்பாகப் பாடுகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது! என் காதுக்கு அப்பாவின் வரிதான் சரி. ஆனால் அவர் பாடியது எதுவும் என் போனில் இல்லை. போட்டோ நிறைய இருக்கிறது, குரல் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது வேலை செய்துகொண்டே பாடுகிறவர்கள் இருந்தால் பதிவு செய்துவையுங்கள். உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள், கூச்சப்படுவார்கள். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும். வரி தப்பாக இருந்தால் திருத்தவும் வேண்டாம். அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.