இருட்டான கூட்டுக்குள் தேனீக்கு மேல் எது, கீழ் எது என்று எப்படித் தெரிகிறது?

வணக்கம். "மனிதருக்கு உட்காதில் சமநிலை உறுப்பு இருக்கிறது, அது இல்லாத தேனீ, வெளிச்சமே புகாத கூட்டுக்குள் மேல், கீழ் என்பதை எப்படி அறிகிறது?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தேனீ தன் தலையின் கனத்தைக் கொண்டே அதை அறிகிறது. அதன் கழுத்தில், தலையைத் தாங்கும் இரண்டு சிறு முனைகளின் மேல், நுண்ணிய உணர்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. தலையின் எடை மையம் அந்த முனைகளுக்குக் கீழே அமைந்திருப்பதால், செங்குத்தான தேனடையில் மேல்நோக்கி ஏறும்போது தலையின் அடிப்பகுதி மார்புப் பக்கமாகச் சாய்கிறது. இறங்கும்போது மார்பை விட்டு விலகுகிறது. பக்கவாட்டில் நடந்தால் தலை லேசாகத் திருகிக்கொள்கிறது. எந்த மயிர்கள் எவ்வளவு வளைகின்றன என்பதிலிருந்தே உடலின் நிலை தெரிந்துவிடுகிறது. ஜெர்மனியின் ஆய்வாளர்கள் மார்ட்டின் லிண்டவர், நெடல் ஆகியோர் 1959இல் இதை விளக்கினார்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலும் இத்தகைய மயிர்கள் உண்டு.

தேனீக்கு இது வெறும் தடுமாறாமல் நிற்பதற்கான வசதி அல்ல, அதன் பிழைப்பே இதில்தான் இருக்கிறது. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்த விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் கண்டறிந்தபடி, பூக்கள் சூரியனுக்கு வலப்புறம் 40 பாகையில் இருந்தால், உணவு கண்டு திரும்பிய தேனீ, அந்தத் திசையைக் கூட்டின் மற்ற தேனீக்களுக்குச் சொல்ல, அடையின் மேல் செங்குத்துக் கோட்டிலிருந்து வலப்புறம் 40 பாகை சாய்ந்து நடனமாடுகிறது. அதாவது, சூரியனின் திசைக்குப் பதிலாக 'மேல்' என்ற திசையை வைத்துக்கொள்கிறது. இத்தனை சிறிய உயிர் ஒளியில் கண்ட கோணத்தை எடையின் கோணமாக மாற்றிச் சொல்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எல்லாப் பூச்சிகளும் கழுத்தையே நம்புவதில்லை. பழ ஈயின் உணர்கொம்பில் உள்ள ஜான்ஸ்டன் உறுப்பில், ஒலியை உணரும் நரம்பணுக்களும் புவியீர்ப்பை உணரும் நரம்பணுக்களும் தனித்தனியே இருப்பதாக 2009இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

பறக்கும்போது நிலைமை மாறுகிறது. வேகமும் திருப்பங்களும் உடலை இழுக்கும்போது, எடையை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். ஆகவே ஈக்கள், பின் இறக்கைகள் உருமாறிய குண்டூசி வடிவ உறுப்புகளால் உடலின் சுழற்சியை உணர்கின்றன. மேலும், பல பூச்சிகள் வெளிச்சம் வரும் பக்கமே வானம் என்று கொண்டு, முதுகை அதற்குக் காட்டியபடி பறக்கின்றன. இரவில் அவை விளக்கைச் சுற்றிச் சுற்றி வருவதற்கும் இதுவே காரணம் என்று, அதிவேகக் கேமராப் பதிவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அந்தப் பதிவுகளில், விளக்குக்கு நேர் மேலே பறந்த பூச்சிகள் பல, முதுகை அதன் பக்கம் திருப்ப முயன்று மல்லாந்து கீழே விழுந்தன.