60 வருடம் பேசிய ஆங்கிலம் எங்கே போனது? மெல்போர்ன் இத்தாலியப் பாட்டிகளின் கடைசிக் காலம்

வணக்கம் நண்பர்களே! ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்போர்னில் 60 வருட வாழ்க்கை. கடைக்காரரோடு பேரம் பேசியதும் பேரனைத் திட்டியதும் ஆங்கிலத்தில்தான். மறதி நோய் வந்தது, அந்த ஆங்கிலம் போயே போய்விட்டது. சரி என்று முதியோர் இல்லத்தில் இத்தாலிய மொழிபெயர்ப்பாளரை அழைத்து வருகிறார்கள். பாட்டி பேசுவது அவருக்கும் பாதிதான் புரிகிறது. எப்படி?

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியில் வேலை இல்லை, ஆஸ்திரேலியாவில் ஆள் இல்லை. 1951இல் இரு நாடுகளும் குடியேற்ற ஒப்பந்தம் போட்டன. 1971 கணக்கெடுப்பில், இத்தாலியில் பிறந்தவர்கள் ஆஸ்திரேலியாவில் சுமார் 2,89,000 பேர். அன்றைய இளசுகளுக்கு இன்று 80, 90 வயது.

இனிதான் விஷயமே. கலாப்ரியா, சிசிலி, வெனெத்தோ கிராமங்களிலிருந்து போனவர்கள் வீட்டில் பேசியது பாடப்புத்தக இத்தாலியன் அல்ல, ஊர்ப்பேச்சு. 'பையன்' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் 'ரகாத்ஸோ'. நேப்பிள்ஸில் 'குவல்யோனே'. சிசிலியில் 'கருசு'. வெனெத்தோவில் 'தோஸோ'. ஒன்றுக்கொன்று ஒட்டுகிறதா பாருங்கள்! பொது இத்தாலியனை வீடு வீடாகக் கொண்டுபோனதில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அது இத்தாலிக்கு வந்ததே 1954இல்தான். அந்தச் சமயத்தில் இவர்களில் பலர் கப்பல் ஏறிவிட்டார்கள்.

அப்புறம் புது ஊரின் சொற்கள் வந்து கலந்தன. எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஃபத்தோரியா'. இத்தாலியில் அது பண்ணை. ஆஸ்திரேலிய இத்தாலியர் வாயில் அதுவே ஃபேக்டரி! தாத்தா "ஃபத்தோரியாவில் இருந்தேன்" என்றால், ரோமிலிருந்து புதிதாக வந்த நர்ஸ் மாடு மேய்த்தார் என்று நினைப்பார். பாவம், அவர் காலமெல்லாம் மெஷின் முன்னால் நின்றவர். வேலிக்கு இவர்கள் சொல்வது 'ஃபென்ஸா'. இத்தாலியில் யாருக்கும் புரியாது.

மறதி நோயில் பலருக்குப் பிறகு கற்ற மொழிதான் முதலில் உதிர்கிறது, சின்ன வயதுப் பேச்சு தங்குகிறது. அதனால் 'மொழி: இத்தாலியன்' என்று படிவத்தில் எழுதினால் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் யாராவது இதைப் பார்த்தால், தயவுசெய்து "எந்த ஊர்ப் பேச்சு?" என்று பிள்ளைகளிடம் கேட்டு எழுதிவையுங்கள். பாட்டி திரும்பத் திரும்ப "ஃபென்ஸா, ஃபென்ஸா" என்கிறாரா? கொல்லைப்புற வேலியோரம் அவர் வைத்த தக்காளிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்கிறாரோ என்னவோ.