எச்-இண்டெக்ஸ் 40: அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

(திரையில்: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் ஓர் ஆய்வாளரின் பக்கம். நாமே உருவாக்கிய கற்பனைப் பக்கம்.)

உயிரி மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மூன்று எண்கள்: மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் (பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் எத்தனை என்ற எண்). நம்மில் பலர் அதைப் பார்த்து "அடேயப்பா" என்போம், இல்லை "இவ்வளவுதானா" என்போம். வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களே சில நேரம் அத்தோடு நிறுத்திக்கொள்வதுண்டு. நாம் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் மேற்கோள். வேறொருவர் தன் கட்டுரையின் கடைசியில் உங்கள் கட்டுரையைக் குறிப்பிட்டால் உங்கள் கணக்கில் ஒன்று ஏறும். பாராட்டினாலும் ஒன்றுதான், திட்டினாலும் ஒன்றுதான். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்ததே, அதை அந்த இதழே 2010ல் திரும்பப் பெற்றது. அது தவறு என்று நிறுவ எழுதியவர்களும் அதைக் குறிப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

(திரையில்: 90, 31, 12, 5, 4, 2)

அடுத்து எச்-இண்டெக்ஸ். கலிஃபோர்னியாவில் இருக்கும் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005ல் சொன்ன கணக்கு இது. ஒருவருக்கு ஆறு கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள்கள் திரையில் உள்ளபடி. மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். நான்காவது கட்டுரைக்கு 5 மேற்கோள், நான்கைவிடக் குறையவில்லை, சரி. ஐந்தாவதுக்கு 4தான், ஒன்று குறைகிறது. அங்கே நிறுத்துங்கள். எச்-இண்டெக்ஸ் 4.

இப்போது முதல் எண்ணை மாற்றுகிறேன்.

(திரையில்: 90 அழிந்து 3000 ஆகிறது.)

எச்-இண்டெக்ஸ்? அதே 4. ஒரு துறையையே புரட்டிப்போட்ட கட்டுரையாக இருந்தாலும் இந்தக் கணக்குக்கு அது தெரியாது. இன்னொன்று, இந்த எண் ஒருபோதும் இறங்காது. ஆய்வை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாலும் பழைய கட்டுரைகள் அதை ஏற்றிக்கொண்டே இருக்கும். அதனால் 30 வயதுக்காரரையும் 60 வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

சரி, மேற்கோள் நிறைய வாங்குவது எப்படிப்பட்ட கட்டுரை? 2014ல் நேச்சர் இதழ் அதிக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடத்தில் 1951ல் ஆலிவர் லௌரியும் மூவரும் எழுதியது, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அதில் சொன்னது ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. வேதிப்பொருளைச் சேர்த்தால் நீல நிறம் வரும், நீலம் அடர்த்தியானால் புரதம் அதிகம். அவ்வளவுதான். எந்த ஆய்வகத்தில் இப்படி அளந்தாலும் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டார்கள். இது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே ஒப்புக்கொண்டிருக்கிறார், உள்ளுக்குள் சந்தோஷம்தான் என்றும். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953 கட்டுரை அந்த நூற்றுக்குள் வரவே இல்லை!

(திரையில்: நான்கு பெயர்கள் கொண்ட ஆசிரியர் வரி. முதலும் கடைசியும் மஞ்சளில்.)

எண்களைவிட நான் நம்புவது ஆசிரியர் வரியை. இந்தத் துறையில் பொதுவாக முதல் பெயர் ஆய்வக மேசையில் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுவை நடத்தியவருடையது. புரதம் செய்யும் குறிப்பைச் செல்லுக்குள் கொண்டுபோகும் மூலக்கூறான எம்.ஆர்.என்.ஏ.வில் சிறு மாற்றம் செய்தால் உடலின் எதிர்ப்பு அடங்குகிறது என்று காட்டிய 2005 கட்டுரையை எடுங்கள். நான்கு பேர். முதலில் கத்தலின் காரிகோ, கடைசியில் ட்ரூ வைஸ்மன். 2023 நோபல் பரிசு சரியாக அந்த இருவருக்கு. கட்டுரை வந்த புதிதில் பெரிய பரபரப்பு எதுவும் இல்லை. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே காரிகோவைப் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கியிருந்தார்கள். அன்று யாராவது அவருடைய மேற்கோள்களை எண்ணியிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்?

இம்பாக்ட் ஃபேக்டரைப் பற்றி ஒரே வரி: அது ஓர் இதழின் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மேற்கோள்களின் சராசரி, ஆளின் மதிப்பெண் அல்ல. ஆட்களை அதை வைத்து எடைபோடாதீர்கள் என்று 2012ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்கள் ஓர் அறிக்கையே தயாரித்தார்கள்.

(திரையில்: முதலில் பார்த்த பக்கம். எச்-இண்டெக்ஸ் 40.)

இப்போது நம் ஆளிடம் திரும்புவோம். பட்டியலில் முதலில் இருப்பது உலக நோய்ச்சுமை பற்றிய கூட்டு ஆய்வு. ஆயிரக்கணக்கில் மேற்கோள், ஆனால் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே இவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டாவது, பிறர் ஆய்வுகளைத் தொகுத்த மீள்பார்வைக் கட்டுரை. அந்த வகைக்கு எப்போதுமே மேற்கோள் கொஞ்சம் கூடுதலாக வரும். இன்னும் கீழே போங்கள். 61 மேற்கோள், மூன்றே பெயர்கள், முதல் பெயர் இவருடையது.

(திரையில்: சுட்டி அந்த வரியில் நிற்கிறது. கட்டுரை திறக்கிறது.)